பொது நிலம் எந்தத் தாளில் தனியார் மனையாகிறது?

மாலைநடை

எங்கள் பகுதியை மனை போட்டு விற்றபோது நடுவே ஒரு திடல் விட்டார்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் அந்த இடம் பச்சையாக இருக்கும். பிள்ளைகள் ஆடுவார்கள், பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நான் மாலையில் எட்டுச் சுற்று நடப்பேன். போன மாதம் அங்கே ஒரு பலகை முளைத்தது: பல்லடுக்கு வாகன நிறுத்தம், கடைகள், தனியார் பங்களிப்புடன்.

உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போனோம். "நிலத்தை யார் விற்றார்கள்? 60 வருடத்துக்குக் கட்டிக்கொள்ளும் உரிமை மட்டும்தான் கொடுத்திருக்கிறோம். நிலம் எங்கள் பேரில்தான் இருக்கிறது" என்றார் ஒருவர். பதிலுக்கு என்ன சொல்வதென்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

விற்காமலே இப்படிக் கொடுக்கலாமா? கொடுத்தபின் அது பொது நிலமா, தனியார் நிலமா? அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் கேள்வி கேட்க இடமுண்டா?

நெறியாளர்

விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் ஊர், அலுவலகம், நிறுவனம், ஆட்களின் பெயரை யாரும் கேட்கவும் வேண்டாம், போடவும் வேண்டாம். வெளியான தீர்ப்புகளைத் தாராளமாகக் குறிப்பிடலாம்.

வரப்பு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதுதான் சுலபம். இடமுண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் 1991லேயே பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் – முத்தப்பா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. நகரத் திட்டத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். "உங்களுக்கு இதில் என்ன பாத்தியதை?" என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பூங்கா இல்லாமல் போனால் பாதிக்கப்படுவது பக்கத்தில் இருப்பவன்தானே, அவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஒதுக்கீடு ரத்தானது.

இப்போது முக்கியமானது. அரசிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கும் நிலமெல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஒரே ஆளின் சட்டையில் இரண்டு பை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையில் இருப்பது அவருடைய சொந்தப் பணம், செலவழிக்கலாம். இன்னொன்றில் இருப்பது ஊரார் கொடுத்துவைத்தது. பிரெஞ்சுச் சட்டம் இதை வெளிப்படையாகவே பிரித்து வைத்திருக்கிறது. பொது உடைமையை விற்க முடியாது என்ற விதிக்கு அங்கே 1566ல் போட்ட மூலேன் அரசாணையிலேயே வேர் இருக்கிறது. விற்க வேண்டுமென்றால் முதலில் அந்த நிலம் நிஜமாகவே பொதுப் பயன்பாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும். அடுத்து, அது பொது உடைமைப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது என்று தனியாக ஒரு முடிவு எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் விற்பனைப் பேச்சே.

பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு தாளில் எழுதுவதை மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒரே தீர்மானத்துக்குள் மடித்து வைத்துவிடுகிறார்கள். ஆகவே "விற்றார்களா, குத்தகைக்கு விட்டார்களா" என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அந்த நிலம் எந்தப் பையில் இருந்தது? எப்போது, யார், எந்தத் தாளில் பை மாற்றினார்கள்?

கட்டடக்காரன்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அப்புறம் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம் 🙂

பொது நிலம் என்றாலே கோயில் கர்ப்பகிரகம் மாதிரி பேசுகிறீர்கள். நான் பார்த்த பொது நிலங்களில் பாதி, குப்பை கொட்டுகிற இடம். உள்ளாட்சியிடம் பணமில்லை, வண்டி நிறுத்த இடமில்லை, வீதியெல்லாம் வண்டி. தனியார் தன் பணத்தைப் போட்டுக் கட்டி, 60 வருடம் கழித்துத் திருப்பித் தருகிறார். ஏலம் நடந்து, அரசாணை வந்து, திட்ட அனுமதியும் வாங்கியிருந்தால் எங்கே தவறு? எல்லாவற்றையும் நீதிமன்றத்துக்கு இழுத்தால் எந்த ஊரிலும் ஒரு மருத்துவமனைகூட வராது.

வரப்பு

ஏலமும் அரசாணையும் திட்ட அனுமதியும் வேண்டியவைதான். ஆனால் கொடுக்கிறவருக்குக் கொடுக்க உரிமை இருந்ததா என்பதற்கு அவை மூன்றும் பதில் சொல்வதில்லை. அடுத்தவன் மாட்டை முறையாக ஏலம் போட்டால் மாடு என்னுடையதாகிவிடுமா?

ஏரிக்கரை

சிகாகோ கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1869ல் இல்லினாய் சட்டமன்றம், மிச்சிகன் ஏரிக்கு அடியில் இருக்கும் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை ஒரு ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது. நகரத்தின் துறைமுகம் முழுக்க ஏறத்தாழ அதற்குள் அடக்கம். நான்கு வருடத்தில் புத்தி வந்து, 1873ல் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். "கொடுத்ததைப் பிடுங்க முடியாது, எங்களுக்கு உரிமை வந்துவிட்டது" என்று கம்பெனி வாதாடியது. 1892ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: அந்த நிலத்தை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. போலீஸ் அதிகாரத்தை எப்படித் தனியாருக்கு விட்டுக்கொடுக்க முடியாதோ, அப்படி இந்தப் பொறுப்பையும் கைகழுவ முடியாது.

சட்டமன்றமே முறையாக வாக்களித்துக் கொடுத்தது, கட்டடக்காரரே! கையெழுத்தில் குறையில்லை. கொடுக்கக்கூடாததைக் கொடுத்ததுதான் குறை.

அதே ஏரிக்கரையில் இன்னொரு கதை. 1836ல் மனை போட்ட கால்வாய் ஆணையர்கள், வரைபடத்தில் ஒரு பட்டையின் மேல் எழுதி வைத்தார்கள்: இது பொது இடம், கட்டடமோ வேறு எந்தத் தடையோ இல்லாமல் என்றென்றும் திறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான், ஒரு வரி. அஞ்சல்வழி வியாபாரத்தில் பணம் சேர்த்த மான்ட்கோமரி வார்டு என்பவருக்கு எதிர்ப்பக்கத்தில் கட்டடம் இருந்தது. 1890லிருந்து 1911 வரை, நகரத்தார் அங்கே எதைக் கட்டப் போனாலும் அந்த ஒரு வரியைக் காட்டி வழக்குப் போட்டார். ஊரே அவரைத் திட்டியது. ஃபீல்ட் அருங்காட்சியகம்கூட அந்தப் பூங்காவுக்குள் வர முடியாமல் தெற்கே தள்ளிப் போனது. இன்றைக்குக் கிராண்ட் பார்க் அங்கே இருக்கிறதென்றால் அந்த ஒரு வரிதான் காரணம்.

மாலைநடை, உங்கள் மனைப்பிரிவு வரைபடத்தின் மூலப் பிரதியைத் தேடுங்கள். பச்சை வண்ணம் போதாது. அதன்மேல் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கிலி

வணக்கம். நான் 31 வருடம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தீர்ப்பெல்லாம் எனக்குத் தெரியாது. பதிவேடு தெரியும்.

ஒரு துண்டு நிலத்துக்கு மூன்று அலுவலகத்தில் மூன்று தாள் இருக்கும். யாருக்குச் சொந்தம் என்று ஒன்று. என்ன வகை, என்ன பயன்பாடு என்று இன்னொன்று. என்ன கட்டலாம், எத்தனை மாடி கட்டலாம் என்று மூன்றாவது. மூன்றும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்வதே இல்லை. முதல் அலுவலகம் "வகையை அவர்கள் சரிபார்த்திருப்பார்கள்" என்று கையெழுத்துப் போடும். இரண்டாவது "உரிமையாளரே கேட்கிறார், நமக்கென்ன" என்று வகையை மாற்றும். மூன்றாவது வகையை மட்டும் பார்த்துவிட்டு அனுமதி கொடுக்கும். யாரும் பொய் எழுதவில்லை. ஆனால் கடைசியில் திடல் போய்விட்டது.

என் அனுபவத்தில், நிலம் போவது கிரயப் பத்திரத்தில் அல்ல. அது போய் ரொம்ப நாள் கழித்துத்தான் பத்திரம் வரும். பதிவேட்டில் குறிப்புப் பத்தி என்று ஒன்று இருக்கும், கட்டைவிரல் அகலம்கூட இராது. அதில் 'விளையாட்டிடம்' என்பதை அடித்துவிட்டு 'காலியிடம்' என்று எழுதுவார்கள். அன்றைக்கே முடிந்தது. விளையாட்டிடத்தில் கட்டுகிறேன் என்றால் பத்துப் பேர் கேட்பார்கள். காலியிடத்தில் கட்டினால் யார் கேட்பார்?

இன்னொன்று. அடித்த இடத்தில் சிறுகையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும், எந்த உத்தரவின்படி என்று எண் இருக்க வேண்டும். இல்லாமல் இருந்தால் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எதையும் சத்தம் போட்டுக் கேட்காதீர்கள். முதலில் நகல், அப்புறம் சத்தம்.

மாலைநடை

சங்கிலி ஐயா, மிக்க நன்றி. நகலுக்கு மனுப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் குத்தகை விஷயம் எனக்குத் தெளியவில்லை. 60 வருடம் கழித்துத் திரும்பி வந்துவிடும் என்றால், அது விற்பனை இல்லைதானே?

தீவுக்காரி

திரும்பி வரும் என்பதற்குச் சிங்கப்பூரில் கண்ணால் பார்த்த உதாரணம் உண்டு. கேலாங் லோரோங் 3ல் 191 வரிசை வீடுகள். 1960ல் தொடங்கிய 60 வருடக் குத்தகை. 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. இழப்பீடு எதுவும் இல்லை, நிலம் அரசிடம் போய்விட்டது. குத்தகை என்றால் குத்தகை என்று சொன்னதைச் செய்தார்கள்.

வரப்பு

நல்ல உதாரணம். ஆனால் கொடுத்த நாளிலிருந்தே முடிவுத் தேதியைக் குறித்து வைத்துக் காத்திருந்த அரசு அது. எல்லா இடத்திலும் அப்படியா நடக்கிறது? கெடு முடிவதற்குப் பத்து வருடம் முன்பே நீட்டிப்பு வந்துவிடும்.

குத்தகைப் பத்திரத்தில் மூன்று இடங்களை மட்டும் படியுங்கள், மீதி எல்லாம் அலங்காரம்.

முதலாவது, கட்டடம் யாருடையது? ஜெர்மனியில் 1919லிருந்தே இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. நிலம் ஒருவருடையது, அதன்மேல் நிற்கும் கட்டடம் இன்னொருவருடையது என்று பிரித்தே பதிவு செய்யலாம். காலம் முடிந்ததும் கட்டடம் நிலத்துக்காரரிடம் வரும், ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர் இழப்பீடு கொடுத்தாக வேண்டும். "60 வருடம் கழித்துச் சும்மா கிடைக்கும்" என்று நினைத்துக்கொண்டிருக்கும் உள்ளாட்சி, கடைசியில் அந்தப் பழைய கட்டடத்துக்கு விலை கொடுக்க வேண்டிவந்தாலும் வரலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

இரண்டாவது, அடமானம் வைக்கலாமா? வங்கி வெறும் உரிமத்தின் பேரில் கோடிகளைக் கொடுக்காது. அடமானம் வைக்கும்படியான உரிமையைக் கேட்கும். பிரான்ஸில் 1994ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: அரசின் பொது உடைமையிலேயே, நிலத்தை விற்காமல், அதிகபட்சம் 70 வருடம் வரை கட்டட உரிமை கொடுக்கலாம், அதை அடமானமும் வைக்கலாம். கடன் கட்டாவிட்டால் அந்த உரிமை வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் தீர்மானம் யாரை நம்பிக் கொடுத்ததோ அவர் போய், முகம் தெரியாத ஒருவர் வந்து உட்காருவார்.

மூன்றாவது, உள்குத்தகைக்கு விடலாமா? கடை கடையாகப் பிரித்து 'விற்பனை'க்கு விளம்பரம் வந்தால், நிலம் யார் பேரில் இருந்தால் என்ன?

ஏரிக்கரை

குத்தகை என்றதும் நினைவு வருகிறது. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூக்கஸ் சிகாகோ ஏரிக்கரையில் அருங்காட்சியகம் கட்ட வந்தார். நிலத்தை விற்கவில்லை, 99 வருடக் குத்தகை. ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி பார்க்ஸ் என்ற அமைப்பு வழக்குப் போட்டது, நீதிபதி அதைத் தள்ளுபடி செய்ய மறுத்தார், 2016ல் லூக்கஸ் திட்டத்தைச் சுருட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் போய்விட்டார்.

அதே ஊரில் ஒபாமா மையத்துக்கு ஜாக்சன் பூங்காவில் இடம் கொடுத்ததும் 99 வருடத்துக்குத்தான். 2019ல் அந்த வழக்கு முதல் நீதிமன்றத்திலேயே விழுந்தது. அருங்காட்சியகம் கட்டலாம் என்று சட்டமன்றம் வெளிப்படையாகச் சட்டம் போட்டிருந்ததும் ஒரு காரணம். ஆக 99 என்ற எண் யாரையும் காப்பாற்றவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. பின்னால் நிற்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

பென்சில்

ஒரு சின்ன யோசனை. வாகன நிறுத்தத்தைப் பூமிக்கு அடியில் கட்டிவிட்டு மேலே புல் போட்டால் இரண்டு பக்கமும் சந்தோஷம்தானே?

வரப்பு

லக்னோவில் அதைத்தான் செய்தார்கள். ஜண்டேவாலா பூங்காவுக்கு அடியில் கடை வளாகம், மேலே பூங்கா அப்படியே இருக்கும் என்றார்கள். எம்.ஐ. பில்டர்ஸ் வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? ஒப்பந்தம் செல்லாது, கட்டியதை எடுத்துவிட்டுப் பூங்காவைப் பழையபடி ஆக்கு. அடியில் கான்கிரீட் தளம் இருந்தால் மேலே மரம் எங்கே வேர் விடும்? ஒப்பந்தப் புள்ளி கேட்காமல் ஒருவருக்கே கொடுத்ததும் அங்கே ஒரு குற்றச்சாட்டு.

ஏரிக்கரை

நியூயார்க்கில் வான் கோர்ட்லாண்ட் பூங்கா. அடியில் வரவிருந்தது கடைகூட இல்லை, நகரத்துக்கான குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். கட்டி முடித்ததும் மேலே பூங்காவைத் திரும்பத் தந்துவிடுவோம் என்றார்கள். 2001ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது நோக்கமாகவே இருந்தாலும் பூங்கா நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கச் சட்டமன்றத்தின் நேரடி ஒப்புதல் வேண்டும். 2003ல் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கட்டினார்கள்.

கட்டடக்காரருக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். கட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சரியான கதவு வழியாக வா என்றார்கள்.

கட்டடக்காரன்

பிடித்திருக்கிறது. ஆனால் சட்டமன்றம் போய் வர இரண்டு வருடம். வட்டி யார் கட்டுவது?

மலையோரம்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிற மாதிரி தோன்றுவதால் தாமான் ரிம்பா கியாராவைப் பற்றிச் சொல்கிறேன். அதில் என் மனம் இன்றைக்கும் இரண்டாகத்தான் நிற்கிறது.

கோலாலம்பூரில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் ஒரு பூங்கா. நகரத் திட்டத்தில் பசுமைப் பகுதி. அதில் ஒரு பகுதி ஓர் அறக்கட்டளையின் பேருக்குப் போனது, அது ஒரு கட்டுமான நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது, எட்டு அடுக்குமாடிக் கோபுரங்களுக்கு 2017ல் மாநகர மன்றம் அனுமதி கொடுத்தது. அனுமதி கொடுக்கும் டத்தோ பண்டாரே (மாநகர மேயர்) அந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர் குழுவிலும் இருந்தார். குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டு ஒரு நீதிமன்றத்தில் தோற்று, அடுத்ததில் வென்று, கடைசியில் 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றத்திலும் வென்றார்கள். நகரத் திட்டத்திலிருந்து விலகுவதென்றால் காரணம் சொல்ல வேண்டும், ஆட்சேபம் சொல்கிறவர்களைக் கேட்க வேண்டும், இரண்டு நாற்காலியில் ஒருவரே உட்காரக்கூடாது. நல்ல தீர்ப்பு.

ஆனால் அதே திட்டத்தில் ஒன்பதாவதாக ஒரு கட்டடமும் இருந்தது. அது நீளவீடுகளில் இருந்த குடும்பங்களுக்காக. பழைய புக்கிட் கியாரா ரப்பர் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், பெரும்பாலும் நம்மவர்கள். தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்டபின், நிரந்தர வீடு தருவோம் என்ற வாக்குறுதியோடு தற்காலிகக் கொட்டகையில் பல பத்தாண்டுகள் இருந்தவர்கள். பூங்காவைக் காப்பாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் சொந்த வீடு உண்டு. கோபுரம் வேண்டாம் என்றதும் இவர்களுடைய வீட்டுப் பேச்சும் சேர்ந்து தொங்கியது. இவர்களுக்கு அங்கேயே தரைவீடு கட்டிக்கொடுங்கள், கோபுரம்தான் வேண்டாம் என்று குடியிருப்பாளர் தரப்பும் சொன்னது, அதை மறைக்கக்கூடாது. இருந்தாலும், ஏழை வீட்டை முன்னால் நிறுத்தி அதன் நிழலில் எட்டுக் கோபுரம் கட்டப் பார்த்தவர்கள் மேல் வருகிற கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கட்டடக்காரன்

நான் சொல்ல வந்தது இதுதான். பூங்காவைக் காப்பாற்றுவது எப்போதும் வீடு இருப்பவனின் போராட்டம்.

வரப்பு

எப்போதும் இல்லை. ஜக்பால் சிங் வழக்கு, 2011, பஞ்சாப். கிராமக் குளத்தை நிரப்பி வீடு கட்டியவர்கள் செல்வாக்குள்ளவர்கள். ஊராட்சியும் அவர்களுக்குத் துணை. ஒரு தொகையைக் கட்டு, வைத்துக்கொள் என்று அதிகாரி முறைப்படுத்தியும் கொடுத்துவிட்டார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எத்தனை வருடம் இருந்தாய், எவ்வளவு செலவழித்தாய் என்பதெல்லாம் காரணமாகாது, காலி செய் என்றது. எல்லா மாநிலங்களும் இப்படிப்பட்ட ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் உத்தரவு. ஆனால் அதிலேயே விதிவிலக்கும் வைத்தது: நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் அரசு உத்தரவுப்படி கொடுத்த குத்தகை, ஏற்கெனவே பள்ளியோ மருந்தகமோ நிற்கும் இடம். மலையோரம் சொன்ன வேதனைக்கு முழு மருந்து இல்லை, ஆனால் ஏழையையும் கோபுரத்தையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை என்பதற்கு அது ஓர் ஆதாரம்.

புதுவீடு

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் கதை மறுபக்கத்துக் கதை.

நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு எல்லாத் தாளும் இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. வங்கியின் வழக்கறிஞர் பார்த்துச் சரி என்றார், கடன் கிடைத்தது. குடிவந்து நான்கு வருடம் கழித்து, இடத்தின் ஒரு பகுதி முன்பு நீர்நிலையாக இருந்தது என்று அறிவிப்பு வந்தது. இன்றுவரை வழக்கு. மாதத் தவணை மட்டும் தவறாமல் போகிறது. விற்கவும் முடியாது, நிம்மதியாகத் தூங்கவும் முடியாது. பணம் கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியவனுக்குச் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா?

வரப்பு

உங்களுக்கு இதமாகச் சொல்ல ஆசைதான். ஆனால் நல்லெண்ணத்தோடு வாங்கினேன் என்ற வாதம் பொது நிலத்தில் மெலிந்துகொண்டே வருகிறது.

கென்யாவில் டினா மேனேஜ்மென்ட் வழக்கு. மொம்பாசா கடற்கரையில் ஓர் இடம், 1989ல் அன்றைய ஜனாதிபதி டேனியல் அரப் மோய்க்கே ஒதுக்கப்பட்டது. கை மாறிக் கை மாறி ஒரு நிறுவனத்திடம் வந்தது. கடற்கரைக்குப் போகும் பொதுவழி அது என்று மாவட்ட நிர்வாகம் 2017ல் மதிலை இடித்தது. 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: முதல் ஒதுக்கீடே முறைப்படி நடக்கவில்லையென்றால், பட்டயம் எத்தனை கை மாறினாலும் அதற்கு உயிர் வராது.

இங்கிலாந்தில் அதே 2023ல் ஷ்ரூஸ்பரி வழக்கு. 1926ல் நகரசபை வாங்கிய விளையாட்டுத் திடல். அது மக்களுக்கான பொறுப்பில் இருக்கிறது என்பதையே பிற்காலத்து நகரசபை மறந்துபோனது! 2017ல் வீடு கட்டுகிற நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. இப்படிப்பட்ட திறந்தவெளியைக் கைமாற்றும் முன் உள்ளூர்ப் பத்திரிகையில் தொடர்ந்து இரண்டு வாரம் விளம்பரம் செய்ய வேண்டும் என்பது அங்கே விதி. செய்யவில்லை. விற்பனை விற்பனைதான், ஆனால் மக்களின் உரிமை நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போய்விட்டது, அதைக் கணக்கில் எடுக்காத கட்டட அனுமதி ரத்து என்றது உச்ச நீதிமன்றம். வழக்குப் போட்டது உள்ளூர்வாசி ஒருவர்.

உங்கள் விஷயத்தில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். நிலத்தை வைத்துக்கொள்ள முடியுமா என்பதைவிட, விற்றவரிடமும் அனுமதி கொடுத்த அமைப்பிடமும் இழப்பீடு கேட்க முடியுமா என்பதில் உங்கள் வழக்கறிஞர் நேரம் செலவிடுவது நல்லது. விற்பனைப் பத்திரத்தில் உரிமைக் குறைபாட்டுக்கு விற்பவர் பொறுப்பு என்ற வாசகம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அதற்கும் காலக்கெடு ஓடுகிறது.

சங்கிலி

புதுவீடு தம்பி, வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். நிலத்தின் பழைய வகையைக் காட்டாது. வங்கி வழக்கறிஞர்கள் முப்பது வருடம் பின்னால் போவார்கள். குளம் அதற்கும் முன்னால் இருந்திருக்கும்.

நெய்தல்

இலங்கையிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு, 2008. பொதுத் தேவைக்கென்று மக்களிடமிருந்து எடுத்த நிலம், பத்தரமுல்லைப் பக்கம். கடைசியில் அது தனியார் கொல்ஃப் மைதானமும் உல்லாச விடுதியுமாகிவிட்டது. உயர் நீதிமன்றம் (நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு இங்கே அதுதான் பெயர்) அந்தக் கைமாற்றத்தை ரத்துச் செய்ததோடு நிற்கவில்லை. அமைச்சரவைக்கு அதைக் கொண்டுபோன முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பதவியில் இருக்கும்போது வைத்த கையெழுத்துக்குப் பதவி போனபின் சொந்தப் பணம்!

எங்கட பக்கத்தில் இந்தத் தீர்ப்பைப் பலருக்குத் தெரியாது. இன்னொரு கேள்வியும் இதில் ஒளிந்திருக்கிறது: பொதுத் தேவைக்கென்று பலவந்தமாக எடுத்த காணியை வேறு வேலைக்குக் கொடுத்தால், பறிகொடுத்த பழைய உரிமையாளருக்கு என்ன பதில்?

பென்சில்

விலை பற்றி யாரும் பேசவில்லையே. மலிவாகக் கொடுத்திருந்தால் அதுவே வழக்குக்குப் போதாதா?

வரப்பு

உதவும். விளம்பரமோ போட்டியோ இல்லாமல் விண்ணப்பம் கொடுத்த ஒருவருக்கே அரசு நிலத்தைக் கொடுத்தால் அது சமத்துவத்துக்கு விரோதம் என்று 2011ல் போபால் நில ஒதுக்கீட்டு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இங்கிலாந்தில் உள்ளாட்சிகள் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பாவில் சந்தை விலைக்குக் கீழே கொடுத்தால் அது வாங்கியவருக்கு மறைமுக அரசு உதவியாகக் கருதப்படலாம்.

ஆனால் விலையை முதல் வாதமாக வைக்காதீர்கள். அதை மட்டும் சொன்னால் "சரி, விலையைக் கூட்டிவிடுகிறோம்" என்பார்கள். உங்களுக்கு வேண்டியது திடலா, நல்ல விலையா?

மாலைநடை

பத்து நாள் கழித்து வருகிறேன். நகல்கள் கிடைத்தன. அப்படியே எழுதுகிறேன்.

மூல வரைபடம் கிடைத்தது, ஓரத்தில் கரையான் தின்றிருக்கிறது. பச்சைக் கட்டத்துக்குள் சாய்வாக ஒரு வரி: 'பொது விளையாட்டிடம், மனையாகப் பிரிக்கக்கூடாது.' அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. யார் எழுதியதோ.

ஏலம் நடந்திருக்கிறது, மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், விலையும் மோசமில்லை. கட்டடக்காரர் சொன்னது போல எல்லாம் ஒழுங்கு. ஆனால் ஏலத் தீர்மானத்தில் நிலத்தின் பெயர் 'பயன்பாடற்ற காலியிடம்'. அது எங்கிருந்து வந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால், மூன்று வருடத்துக்கு முந்தைய மன்றக் கூட்டம் ஒன்று. அன்றைக்கு 46 பொருள்கள். 43ஆவது பொருள், தலைப்பு 'இதர இனங்கள்'. அதற்குள் தெருவிளக்குப் பழுது, வடிகால் மூடி வாங்கியது, அப்புறம் எங்கள் திடலின் வகைமாற்றம். இரண்டு வரி. எதிர்ப்பு இல்லாமல் நிறைவேறியது. ஆட்சேபம் கேட்டு விளம்பரம் செய்த தாள் எதுவும் கோப்பில் இல்லை.

நாங்கள் அன்று மாலையும் அங்கேதான் நடந்துகொண்டிருந்திருப்போம்.

சங்கிலி

பதிவேட்டில் அடித்திருக்கிற இடத்தில் தேதி என்ன? தீர்மானத்துக்கு முந்தியதா, பிந்தியதா?

மாலைநடை

ஐயா, இப்போதுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன். பதிவேட்டில் அடித்தது தீர்மானத்துக்கு 11 நாள் முன்னால்.

சங்கிலி

அந்தப் பக்கத்தைச் சான்றிட்ட நகலாக இன்னொன்று வாங்கிவிடுங்கள். நாளைக்கே. சாதாரண நகல் போதாது.

வரப்பு

ஐயா சொன்னதைச் செய்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். மூன்று வருடம் தாமதம் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். பலகை வைத்த நாளில்தான் தெரிந்தது என்பதற்கு அந்தப் பலகையின் புகைப்படம் தேதியோடு இருக்கிறதா?

மாலைநடை

இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் அதன்மேல் ஏறி நிற்கும்போது அவன் அம்மா எடுத்தது.